திறந்து பார்த்துவிட்டுச் சொல்

"இதெல்லாம் திறக்கவே முடியாதுப்பா. போச்சு. புதுசு ஒண்ணு எடுத்துக்கோ."

கொல்லிமலைக்குக் கீழே ஒரு கடையில் என் அக்கா மகனுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். கையில் வாங்கி, ஒருமுறை திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்துவிட்டார்களாம். அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்துக்காக அவன் குண்டூர் நாட்டிலிருந்து பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், அதே எழுபதையும் ஏறித் திரும்பி வந்திருந்தான்.

அது அவன் மிளகு பறித்த கூலியில் வாங்கிய ஸ்மார்ட் வாட்ச். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் கொத்துக் கொத்தாக உருவிச் சேர்த்த காசு. நான்கு வருஷமாக மழையிலும் பனியிலும் அவன் மணிக்கட்டை விட்டு இறங்காத வாட்ச். இப்போது காலையில் நூறு சதவீதம் காட்டும். மதியச் சோற்றுக்கு உட்காரும்போது அணைந்து கிடக்கும்.

வாட்ச் போனது எனக்கு வலிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அவன் சொன்னது வலித்தது. "அவங்க சொன்னா சரியாத்தான் மாமா இருக்கும். நமக்கு இதுல என்ன தெரியும்?"

தம்பி! தங்கையே! இதைப் படிக்கிற நீ யாராக இருந்தாலும் சரி, அந்தக் கேள்வியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு. "நமக்கு என்ன தெரியும்?" இதைவிடப் பெரிய பழுது எந்தக் கருவியிலும் இல்லை. வாட்சில் ஒரு பாகம் தேய்ந்திருந்தது. இவனுக்குள்ளே ஓர் ஆளையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். அதற்கு அவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார் சொன்னது உனக்குத் தெரியாது என்று? திறந்து பார்த்தாயா? உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் கண்டாயா? காணாமலே "போச்சு" என்று ஒருவர் சொல்ல, காணாமலே நீ நம்ப, அந்த நம்பிக்கைக்கு உன் உழைப்புக் காசை எடுத்து மேசைமேல் வைப்பாயா?

நம் மலையிலேயே ஒரு கதை நடந்திருக்கிறது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. பிறகு மரவள்ளி ஏறி வந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன, கையில் காசு புரண்டது, சாமைக் காடு சுருங்கியது. சிறுதானியத்தின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதி ஒட்டிவிட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இந்த மலைக்கு வந்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியபோது, விஷயம் வேறாக இருந்தது. சாமையின் ருசியில் குறையில்லை, சத்தில் குறையில்லை, இந்த மண்ணோடும் அதற்குப் பகையில்லை. உமி நீக்குவதுதான் பாடு! உரலில் போட்டு உலக்கையால் குத்திக் குத்தித் தோள்பட்டை கழன்றுபோன பெண்கள், ரேஷன் அரிசி வந்ததும் "அப்பாடா" என்றார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சின்ன இயந்திரங்கள் வந்தன. சுய உதவிக் குழுக்கள் அவற்றைக் கையில் எடுத்தன. விதை வங்கிகள் வந்தன. மரவள்ளி இன்றும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முடிந்துபோனது என்று சொல்லப்பட்ட சாமை, பொட்டலமாகி மலை இறங்கி விலைக்குப் போயிற்று. போனது பயிர் முழுவதும் இல்லை, குத்துகிற அந்த ஒரு வேலை மட்டும்தான் தடையாக நின்றது என்று கண்டுபிடித்த கண்தான் அதைச் செய்தது.

அந்தக் கண்ணால் உன் வாட்சைப் பார்.

அதற்குள்ளே சிப் இருக்கிறது. சிப்பில் தேய்வதற்கு அசைகிற பாகமே கிடையாது. டிஸ்ப்ளே இருக்கிறது, கீழே விழுந்து அடிபடாதவரை அது பல ஆண்டு நிற்கும். முதுகுப் பக்கம் நாடித்துடிப்பைப் பார்க்கிற பச்சை விளக்கு இருக்கிறது. இவற்றோடு ஒரு பேட்டரி. வயதாவது பெரும்பாலும் இந்த ஒன்றுக்குத்தான். லித்தியம் பேட்டரியில் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும், ஓடியாட வேண்டிய லித்தியத்தில் துளித் துளியாக உள்ளேயே ஒட்டிக்கொண்டு ஓட்டமிழந்துவிடுகிறது. முந்நூறு, ஐந்நூறு முறை ஏற்றி இறக்கியபின் பழைய கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தினமும் சார்ஜ் போடுகிற வாட்சுக்கு ஒன்றரை வருஷத்திலேயே அந்தக் கணக்கு வந்துவிடும். நான்கு வருஷம் ஓடியது என்றால் அது உழைத்த பேட்டரி. அதற்கு ஓய்வு கொடு, வாட்சுக்கு ஏன் கொள்ளி வைக்கிறாய்?

சில சமயம் பேட்டரிகூடக் குற்றவாளியாக இருக்காது. காந்தத்தில் ஒட்டி சார்ஜ் ஏறுகிற வாட்சுகளில், முதுகில் இரண்டு சின்னப் பித்தான்போல் முனைகள் இருக்கும். வியர்வை உப்பு படிந்து அதில் களிம்பு பிடித்தால் சார்ஜ் ஏறாது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் இரண்டு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போதும். இதற்காகவே குப்பைக்குப் போன வாட்சுகளை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

திறந்து பார்க்கிற துணிச்சலுக்கு, கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள். பள்ளிக்கூடம் அவரைக் கட்டிப்போடவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடவில்லை. கோவையில் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றினார்! பிறகு அதே கையால் பூட்டினார். "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்க அன்றைக்கு ஆளா இல்லை? அந்தக் கை 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது. 1937இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின் மோட்டாரைக் கோவையிலிருந்து கொடுத்த முயற்சியில் அந்தக் கையும் இருந்தது. கழற்றத் துணிந்தபின்தான் செய்யத் துணிவு வருகிறது. இந்த வரிசை மாறியவர் எவரையும் நான் கண்டதில்லை.

மறுநாள் காலை அக்கா மகனை எழுப்பினேன். "அந்த வாட்ச்ச எடு. திறக்கலாம்."

"உடைஞ்சிட்டா மாமா?"

"ஏற்கெனவே செத்துப்போச்சுன்னுதானே சொல்றாங்க. செத்தத இன்னொரு தடவை யாரு சாகடிக்கிறது?"

சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் பாதி வேலை முடிந்தது.

முதலில் வாட்சைத் தானாக அணையும்வரை ஓடவிட்டோம், பேட்டரியில் மிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பத்திரம் என்பதற்காக. பெரிய தட்டில் மணலைக் கொட்டிப் பக்கத்தில் வைத்தோம். லித்தியம் பேட்டரியைக் குத்தினால், மடக்கினால் புகையும், தீப்பிடிக்கும். துணிச்சல் வேறு, அலட்சியம் வேறு. தீயில் கைவைக்கிற மூடத்தனத்தை நான் தன்னம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது, கூர்மையான இரும்பு எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

முதுகு மூடி பசையால் ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடு காட்டி, காலாவதியான ஏடிஎம் கார்டின் முனையை இடுக்கில் நுழைத்தான். கை நடுங்கியது. "விடுங்க மாமா, நானே பண்றேன்" என்று என் கையைத் தள்ளிவிட்டது அதற்கு அடுத்த நிமிடத்தில்! மெல்ல மெல்ல நகர்த்தி, ஒரு சுற்று முடித்ததும் "டக்" என்றொரு சத்தம். உடைந்ததோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். உடையவில்லை, பசை விட்டிருந்தது. மூடியைச் சட்டென்று பிடுங்காமல் புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறக்க வேண்டும். ஏனென்றால் பச்சை விளக்கு இருக்கும் மூடிக்கும் போர்டுக்கும் நடுவே பூணூல்போல ஒரு மெல்லிய ஸ்ட்ரிப் ஓடுகிறது. அது அறுந்தால்தான் உண்மையிலேயே செலவு.

உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றிய சாக்லேட் துண்டுபோல பேட்டரி கிடந்தது. லேசாக உப்பல். சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. மேலே பொடி எழுத்தில் 402530 என்று ஓர் எண்.

"இது என்ன மாமா, கம்பெனி ரகசிய நம்பரா?"

ஸ்கேலை எடுத்துக் கொடுத்து அளக்கச் சொன்னேன். உப்பாத ஓரத்தில் தடிமன் நான்கு மில்லிமீட்டர். அகலம் இருபத்தைந்து. நீளம் முப்பது. அவன் எண்ணைப் பார்த்தான், ஸ்கேலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 40, 25, 30. தடிமன் 4.0, அகலம் 25, நீளம் 30! அவ்வளவுதான் ரகசியம். இந்த வகைப் பேட்டரிகளுக்கு உலகம் முழுவதும் இப்படித்தான் எண் போடுகிறார்கள். "திறக்கவே முடியாது" என்று சொல்லப்பட்ட பொருளுக்குள்ளே, எந்தப் பேட்டரி வாங்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்றைக்குக்கூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

சேலத்தில் ஓர் உதிரிபாகக் கடையில் அதே எண், அதே 3.7 வோல்ட் பேட்டரி கிடைத்தது. விலை இருநூறு ரூபாய்க்குள். ஊர் முழுக்க விசாரித்ததில் ஒருவரிடம் சால்டரிங் அயர்ன் இருந்தது, இன்னொருவரிடம் மல்டிமீட்டர் இருந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. பழைய ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினான். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியின் இரும்பு வழியாகவே ஷார்ட் ஆகிவிடும், அதனால் ஒன்றை வெட்டி டேப் சுற்றியபின்தான் அடுத்தது. புது பேட்டரியின் ஒயர்களை ஈயம் வைத்துப் பிடித்தான். பட்டனை அழுத்தினான்.

ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை.

"சொன்னேன்ல மாமா..." என்று எழுந்தே விட்டான்.

இந்த இடம்தான், இந்த ஒரு நொடிதான் முக்கியம். நூறு பேர் வந்து திரும்பிப் போகிற இடம் இது. உட்காரச் சொன்னேன். "எது நல்லா இருக்கு, எது கெட்டிருக்குன்னு அளந்து பாரு. மனசுல பட்டதச் சொல்லாத, மீட்டர் சொல்றதச் சொல்லு."

பேட்டரி முனையில் மீட்டரை வைத்தான்: 3.8 வோல்ட். நல்ல உயிர். போர்டில் ஒயர் சேர்கிற இடத்தில் வைத்தான்: பூஜ்ஜியம். இரண்டுக்கும் நடுவே இருப்பது அவன் வைத்த ஈயப் பொட்டு மட்டும். உற்றுப் பார்த்தால் அது மினுமினுப்பு இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. டிரை சால்டர்! மேலே ஒட்டியதுபோல் தெரியும், அடியில் பிடித்திருக்காது. கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, அயர்னை இரண்டு நொடி வைத்து எடுத்தான். பொட்டு உருண்டு பளபளத்தது.

திரையில் வெளிச்சம் வந்தது. மணிக்கட்டில் வைத்தான். முதுகில் பச்சை விளக்கு மின்னியது, நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு என்று அவன் நாடியைச் சொன்னது. உட்கார்ந்த இடத்திலேயே அவன் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருந்தது!

ஸ்ட்ரிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, பி-7000 பசையை மெல்லிய கோடாக இழுத்து மூடி, துணி காயப்போடும் கிளிப்புகளால் இறுக்கி ஒரு நாள் விட்டோம். இனி அதைத் தண்ணீர் புகாத வாட்ச் என்று நம்பக் கூடாது, ஆகாய கங்கை அருவியில் குளிக்கப் போனால் கழற்றி வை என்று சொல்லியிருக்கிறேன். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடவில்லை, அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகவில்லை. முனைகளில் டேப் ஒட்டி எடுத்துவைத்து, அடுத்த முறை கீழே போனபோது மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தான்.

எல்லா வாட்சும் பிழைக்குமா என்று கேட்கிறாயா? பிழைக்காது. தண்ணீர் புகுந்து போர்டே அரித்துப்போனதும் உண்டு, திரையை உடைக்காமல் திறக்க முடியாதபடி ஒட்டியதும் உண்டு. அப்போது கைவிடு, தப்பில்லை. ஆனால் உள்ளே பார்த்தபின் கைவிடு. அளந்தபின் கைவிடு. பார்த்துவிட்டு "முடியாது" என்று சொல்கிறவனை நான் கைகூப்பி ஏற்றுக்கொள்வேன், அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது.

பேட்டரி ஒரு பக்கம். கம்பெனியே மூடிவிட்டால்? அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்காராத மனிதர்கள் இருக்கிறார்கள். பெப்பிள் என்ற ஸ்மார்ட் வாட்சுக்கு 2012இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார்கள். 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. அதன் மென்பொருளை வாங்கிய ஃபிட்பிட், 2018 ஜூனோடு சேவையை நிறுத்திக்கொண்டது. அத்தனை கைகளில் கட்டியிருந்த வாட்சுகளும் அதோடு ஊமையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை! அதைக் கட்டியிருந்தவர்களே ரெபிள் என்ற பெயரில் கூடி, தாங்களே சேவையை நடத்தினார்கள். நடத்திக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜனவரியில், அதற்குள் ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள், பெப்பிளின் இயங்குதள நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. வாட்சைத் தொடங்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி அதை வைத்துப் புது வாட்ச் செய்ய மறுபடியும் இறங்கினார். செத்தது என்று ஊரே சொன்ன ஒன்றை, விடாப்பிடியான சில பேர் ஒன்பதாம் வருஷம் எழுப்பி உட்காரவைத்தார்கள். அவர்களுக்குக் கொம்பா முளைத்திருந்தது?

நம் பக்கத்து ஓசூரையே எடுத்துக்கொள். டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் அங்கே ஆலை வைத்தபோது, கைக்கடிகாரம் கோக்கப் பழக்கப்பட்டவர்களில் பலர் தமிழகத்துக் கிராமங்களில் பள்ளி முடித்துவிட்டு நேரே வந்த பிள்ளைகள். மயிரிழை போன்ற பாகத்தை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை. அந்த விரல்கள் அதற்குமுன் நாற்று நட்ட விரல்கள், பூக்கட்டிய விரல்கள். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் செய்யத் தொடங்கிய சாவி வாட்சுகள் இன்றும் எத்தனையோ தாத்தாக்களின் கையில் ஓடுகின்றன. ஆலை ஓய்ந்தும் அவை ஓடுகின்றன என்றால், ஒவ்வொரு கடைத்தெருவிலும் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தவர்களின் புண்ணியம். அந்த நாற்காலிகள் இன்று காலியாகிக்கொண்டு வருகின்றன. நீ போய் உட்கார்! லென்ஸுக்குப் பக்கத்தில் மல்டிமீட்டரையும் வைத்துக்கொள்.

காலமும் உன் பக்கம் திரும்புகிறது. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை வீசியெறிந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். அதே 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிவகுக்க ஒரு குழுவை அமைத்தது. மொபைலும் மின்னணுச் சாதனங்களும், உன் அப்பா ஓட்டுகிற உழவுக் கருவியும் அதன் பட்டியலில் இருக்கின்றன. கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நுழைய ஆள் வேண்டாமா? கொல்லிமலையிலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே போ, கேள், பிடிவாதமாகக் கற்றுக்கொள். ஒரு மல்டிமீட்டரின் விலை ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகிற செலவுக்கு மேல் இல்லை. உடைந்துபோன பழைய வாட்சுகளை வாங்கி, பழகுவதற்கென்றே கழற்று. முதல் மூன்றைக் கெடுப்பாய், கெடு. நான்காவது உன் பேச்சைக் கேட்கும்.

மலைக்காரப் பையனுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. இருபதடி ஏணியில் ஒற்றைக் காலில் நின்று மிளகு உருவுகிற கைக்கு, நான்கு மில்லிமீட்டர் பேட்டரியை நடுங்காமல் பிடிக்க வராதா? எந்தக் கொத்து பழுத்தது, எது பச்சை என்று எட்டவிருந்தே சொல்கிற கண்ணுக்கு, ஈயப் பொட்டின் சாம்பல் தெரியாதா? உன் கையை உனக்கே அறிமுகப்படுத்த ஒருவரும் இல்லாமல் போனார்கள். அதுதான் குறை.

போன வாரம் சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சார்ஜ் டார்ச் ஒன்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே திண்ணைக்கு வந்தார். மூன்று மாதமாக எரியவில்லையாம். "கடையில காட்டினேன் சாமி, தூக்கிப் போடுன்னுட்டாங்க. இந்தா, நீயே எங்கியாச்சும் போட்டுடு."

அவன் அதை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். அடியில் திருகாணி எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினான்.

"வெச்சுட்டுப் போங்க பெரியம்மா. திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்."